ஒளிக்கு எதிராக ஒரு கை

ஷ்பீட்ஸ் ஊரில் ஒளியின் வேகம் வருஷத்துக்கு ஒரு முறை வாக்கெடுப்புக்கு வரும். மார்ச் மாதம் ஏதாவது ஒரு சனிக்கிழமை மதியம், விண்மீன் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில். போன வருஷக் கூட்டக் குறிப்புக்கு ஒப்புதல், வரவு செலவுக்கு ஒப்புதல், தொலைநோக்கிக் கூண்டின் சக்கரங்களுக்கு எண்ணெய் போடுவது யார் முறை என்ற தகராறு, எல்லாம் முடிந்த பிறகு உறுப்பினர் தீர்மானம் என்ற தலைப்பில் அது வரும். வந்து, தோற்கும். பிறகு எல்லோரும் எழுந்து பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கு சாலட்டும் வைத்திருக்கிற மேஜைப் பக்கம் போவார்கள்.

தீர்மானத்தைக் கொண்டுவருபவர் நோல்டி வெஃப்லர். ஞானஸ்நானப் பெயர் ஆர்னால்ட். பாதிரியாரையும் வரி அலுவலகத்தையும் தவிர யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். தீர்மானத்தின் வாசகத்தை அவர் ஒரு வருஷமும் மாற்றியது கிடையாது: "பார்க்கிறவர் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒளி அவரிடம் ஒரே வேகத்தில்தான் வந்து சேரும் என்ற கருத்தை இந்தச் சங்கம் ஏற்கவில்லை." ஆதரவு ஒன்று. அது நோல்டியின் கை. எதிர்ப்பு, மற்ற அனைவரும். அந்த மற்ற அனைவரில் அவர் மனைவி ரோஸ்லியும் சேர்த்தி. போதாததற்கு, கைகளை எண்ணும் பொறுப்பும் ரோஸ்லியிடம்தான் இருந்தது. எழுந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் புருஷனின் ஒற்றைக் கையைப் பார்த்து "ஆதரவு ஒன்று" என்று அறிவிப்பார். குரலில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. கடையில் முட்டை எண்ணிக் கொடுக்கிறவர் இதைவிட உணர்ச்சி காட்டுவார்.

ஒளியின் வேகத்தைக் கை தூக்கித் தீர்மானிக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். அங்கே யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை போடுவதா, ராணுவத்துக்குப் புது விமானம் வாங்குவதா, மாட்டுக்குக் கொம்பை விட்டுவைப்பதா என்று எல்லாவற்றுக்கும் வாக்குப் போட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஒளிக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்கள் முதல் வருஷம் கொஞ்சம் முழிப்பார்கள். இரண்டாம் வருஷம் பழகிவிடும்.

நோல்டி பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், ஃப்ருட்டிகன் பள்ளத்தாக்கில். அப்பா பலகைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் நோல்டியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் எர்ன்ஸ்ட் லௌனர் என்கிற ஆஷி. பால் பண்ணைக்காரர் மகன். இருவரும் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆஷி விடை சரியாக வந்தால் சந்தோஷப்படுவான். நோல்டி விடை சரியாக வந்தாலும் வாத்தியாரிடம் "ஏன்?" என்று கேட்டு அடி வாங்குவான். ஆஷி பெர்ன் நகரத்துக்குப் போய்ப் படித்து இயற்பியல் வாத்தியாராகி, ஷ்பீட்ஸ் பக்கத்திலேயே வேலைக்கு வந்தார். நோல்டி ரயில்வேயில் சேர்ந்து, அதே ஊரில் குடியேறி, ரோஸ்லியைக் கட்டிக்கொண்டார். ரோஸ்லி தையல் வேலை செய்தவர். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு முறை பேசி, அழுது, பிறகு பேசவில்லை.

லோட்ஷ்பெர்க் சுரங்கப் பாதையில்தான் நோல்டியின் வாழ்க்கையில் பெரும்பகுதி கழிந்தது. வடக்கு வாயில் மூடுபனியோடு நுழைந்தால், நடுவில் ஒரு வளைவு. வளைவு திரும்பியதும் வெகு தொலைவில் தெற்கு வாய் ஒரு வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். அந்தப் பக்கம் பெரும்பாலும் வெயில். இருட்டுக்குள் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போவது நோல்டிக்குப் பிடித்த வேலை. வெளிச்சம் என்னை நோக்கி வருகிறது, நான் வெளிச்சத்தை நோக்கிப் போகிறேன், ஆளுக்குப் பாதி வழி என்று நினைத்துக்கொள்வார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறையில் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தபோது, வானொலியில் ஒரு பேராசிரியர் பேசினார். ஒளியை நோக்கி நீங்கள் ஓடினாலும் சரி, ஒளியைவிட்டு விலகி ஓடினாலும் சரி, அது உங்களிடம் வந்து சேரும் வேகம் ஒன்றேதான், உங்கள் ஓட்டத்தால் அதில் ஒரு துளி மாற்றமும் கிடையாது என்றார். இதைக் கண்டுபிடித்தவர் நம் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டார். நோல்டி துருவுவதை நிறுத்தினார். இத்தனை வருஷமாகத் தான் போன பாதி வழி கணக்கிலேயே சேரவில்லை என்று யாரோ முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி இருந்தது. அன்றைக்கு ரோஷ்டி, அந்த உருளைக்கிழங்கு அடை, அடிப்பிடித்தது.

மறுநாளே ஆஷியிடம் போய் நியாயம் கேட்டார். ஆஷி சிரித்தார்.

"டேய் நோல்டி, ஒளிக்கு உன் ரயிலைப் பத்தி ஒரு கவலையும் கிடையாதுடா."

"அதான்டா எனக்குக் கோபம்," என்றார் நோல்டி.

அப்படி ஆரம்பித்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் உணவகத்தில், ஜன்னலோர மேஜை. பெயருக்கு ஒரு சீட்டாட்டம் நடக்கும். ஒரு கை போட்டதும் சீட்டுகள் ஓரமாகப் போய்விடும். சர்க்கரைப் பொட்டலங்கள் ரயில் பெட்டிகளாகும், பியர் கோப்பை அட்டைகள் பிளாட்பாரமாகும், கடுகுச் சாந்துக் குழாய் விளக்குக் கம்பமாகும். ஓடுகிற ரயிலிலிருந்து முன்பக்கமாக எறிந்த கல்லுக்கு ரயிலின் வேகமும் சேரும், ஆகவே எஞ்சின் விளக்கிலிருந்து புறப்பட்ட ஒளிக்கும் சேர வேண்டும் என்பது நோல்டியின் கட்சி. ஒளி கல் இல்லை என்பது ஆஷியின் கட்சி. வானத்தில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை நட்சத்திரங்கள் இருக்கின்றன, உன் கணக்குப்படி நம்மை நோக்கி வரும்போது அவை விட்ட ஒளி முந்திக்கொண்டும், விலகிப் போகும்போது விட்ட ஒளி பிந்தியும் வந்தால், ஒரே நட்சத்திரம் இரண்டு இடத்தில் தெரிந்து வானமே குழம்பிப் போயிருக்கும், அப்படியா இருக்கிறது என்று ஆஷி கேட்டார்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் சங்கமே உருவானது என்று சொன்னால் மற்ற உறுப்பினர்களுக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான். ஊருக்கு மேலே குன்றில் ஒரு தொலைநோக்கி. சுழலும் கூண்டுக்குக் கீழே நோல்டி பழைய குறுகிய ரயில்பாதை ஒன்றின் தண்டவாளத்தை வளைத்துப் போட்டார். வேலை முடிந்ததும் ஆஷி முதல் காரியமாக அவரைக் கூட்டிப்போய் ஓர் இரட்டை நட்சத்திரத்தைக் காட்டினார். நோல்டி வெகுநேரம் பார்த்தார். ரொம்ப அழகாக இருக்கிறது, ஒரு குழப்பமும் இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆஷி கையை நீட்டினார். நோல்டி அந்தக் கையைக் குலுக்காமல், நடுவில் இருக்கிற வாயு ஒளியை வாங்கித் திரும்ப விட்டிருக்கும், அதனால்தான் புறப்பட்ட வேகம் அழிந்துவிட்டது என்றார். அதற்குப் பிறகு சில வாரங்கள் ஆஷி அவரோடு பேசவில்லை. வியாழக்கிழமை வந்தார், சீட்டாடினார், பேசவில்லை.

ஜெனிவாவில் ஒரு சோதனை செய்தார்கள், கிட்டத்தட்ட ஒளியின் வேகத்திலேயே ஓடுகிற துகள் ஒன்று விட்ட ஒளியும் வழக்கமான வேகத்தில்தான் போயிற்று என்று ஆஷி பிறகு கொண்டுவந்தார். ஜெனிவாக்காரன் கடிகாரத்தைப் பார்த்து ரயில் விட்டால் நாமெல்லாம் நடந்துதான் போக வேண்டும் என்றார் நோல்டி. ஆஷிக்கு முதலில் காது சிவக்கும், பிறகு கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியில் துடைப்பார், இரண்டு முறை இருமுவார், அப்புறம் மேஜையில் அடி விழும். உணவகத்துக்காரம்மா அந்த மேஜைக்கு மட்டும் கனமான கோப்பைகள் வைத்திருந்தார். அறிவியல் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தத் தகராறில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஆஷி சொன்னதுதான் சரி. நோல்டி சொன்னது தப்பு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

ரோஸ்லிக்கு இதில் எந்தப் பக்கமும் கிடையாது. ஒளி நடந்து வந்தாலும் அவருக்குச் சம்மதம்தான். ஆனாலும் வருஷா வருஷம் எதிர்த்துத்தான் வாக்களித்தார். கட்டின பெண்டாட்டி ஒரு தடவையாவது ஆதரவாகக் கை தூக்கக் கூடாதா என்று நோல்டி ஒரு முறை மனம் விட்டுக் கேட்டார். ரோஸ்லி தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீ ஜெயிச்சிட்டேன்னு வெச்சுக்கோ. அப்புறம் வியாழக்கிழமை சாயங்காலம் எங்க போவ? இங்கதான் உக்காந்திருப்ப. என்னால முடியாதுப்பா."

நோல்டிக்கு அப்போது சுருக்கென்றது. குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

ரோஸ்லி ஓர் அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். இதயம். காலையில் காபி போட்டுவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் அடித்தளத்தில், பொது இயந்திரத்தில் துணி துவைக்கும் முறைப்பட்டியலில் செவ்வாய்க்கிழமைக்கு நேரே ரோஸ்லி பெயர் இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. நோல்டி செவ்வாய்க்கிழமைதோறும் கீழே போய், இரண்டு சட்டையைப் போட்டு இயந்திரத்தை ஓட்டினார். சாப்பாடு தொண்டையில் நின்றது. எதைச் சாப்பிட்டாலும் ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. அவருக்கு ரோஸ்லி இல்லாமல் இருக்கத் தெரியவில்லை. கற்றுக்கொள்ள விருப்பமும் இல்லை.

ஊர் அவரிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டது. அண்டை வீட்டார் பின்னல் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். குப்பையைத் தப்பான நாளில் வெளியே வைத்தபோது ஒருவர்கூடக் கண்டிக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அது சாதாரண விஷயமில்லை. மருந்துக்கடையில் இருமல் மருந்தின் விலை அநியாயம் என்று அவர் சத்தம் போட்டால், கடைக்காரி ரெகுலாவே ஆமாம், அநியாயம்தான் என்பார். ரெகுலா பெட்ஷென்தான் அப்போது சங்கத்தின் தலைவி. நோல்டி எதைச் சொன்னாலும் ஊர் தலையாட்டியது. பஞ்சு மெத்தையைக் குத்துகிற மாதிரி இருந்தது அவருக்கு.

ஆனால் வியாழக்கிழமை இருக்கிறதே என்று நினைத்திருந்தார். அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் ஸ்டேஷன் உணவகத்துக்குப் போனார். ஆஷி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை ஆடினார்கள். நோல்டி சீட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து ரயிலாக வைத்து, வழக்கமான இடத்தில் ஆரம்பித்தார். சொல்லி முடித்துவிட்டு ஆஷியின் காதைப் பார்த்தார். காது சிவக்கவில்லை.

"இருக்கலாம்டா," என்றார் ஆஷி. "நீ சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு."

நோல்டி பயந்துபோனார். ஆஷிக்கு ஏதோ உடம்புக்கு ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். ரத்த அழுத்தம் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றார் ஆஷி.

அடுத்த வியாழன் நோல்டி பரீட்சை வைத்தார். ஒளி மலை ஏறும்போது களைத்துப் போகும், கீழே இறங்கும்போது தேறிக்கொள்ளும் என்றார். ஆஷி யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்றார். அதற்கடுத்த வியாழன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளி கொஞ்சம் மெதுவாக வருகிறது, தானே கவனித்ததாகச் சொன்னார். வாழ்நாள் முழுக்க இயற்பியல் சொல்லிக்கொடுத்த மனிதர் மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டே, உலகத்தில் நமக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது என்றார். அன்று சீட்டாட்டத்தில் நோல்டி ஜெயித்தார். ஆஷி கையில் துருப்புச் சீட்டு இருந்தும் போடாததை அவர் பார்த்துவிட்டார். எஞ்சின் ஓட்டின கண், அதற்கு எதுவும் தப்பாது.

வீட்டுக்கு நடந்து வரும்போது நோல்டிக்கு அழுகை வந்தது. ரோஸ்லி போனது போனதுதான், அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆஷி உயிரோடு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு காணாமல் போகிறானே, இதற்கு யாரிடம் போய்ச் சொல்வது?

பிப்ரவரியில் விஷயம் வெளிப்பட்டது. இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில், ரெகுலா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"இந்த வருஷம் கவலைப்படாதீங்க நோல்டி. நாங்க எல்லாரும் உங்க பக்கம்தான். ஆஷி எல்லார்கிட்டயும் பேசியாச்சு. யாரும் எதிர்க்கப் போறதில்ல."

சொல்லிவிட்டு இருமல் மருந்துக்குக் காசும் வாங்க மறுத்தார். நோல்டி காசை வைத்துவிட்டு வெளியே வந்து, ஏரிக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்தார். தீர்மானம் நிறைவேறிவிட்டால் அடுத்த வியாழக்கிழமை ஆஷியிடம் என்ன பேசுவது? வானிலையா? மூட்டுவலியா? தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் எப்படித் திரும்பப் பெறுவது? அவர் அதை இன்னும் நம்புகிறாரே. நம்புவதை நம்பவில்லை என்று எழுதிக் கொடுக்க அவர் கை வராது. ஜெயிக்கவும் கூடாது, பின்வாங்கவும் கூடாது. இதில் மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

கூட்டத்தன்று அவர் அடக்கத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். ரோஸ்லி வழக்கமாக உட்காரும் நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். முதலில் ஒரு நிமிஷம் எழுந்து நின்று மௌனம். பிறகு வாக்கு எண்ணுபவராக ஒரு தபால்கார இளைஞனைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டக் குறிப்பு, வரவு செலவு, சக்கர எண்ணெய், எல்லாம் தகராறில்லாமல் முடிந்தது. எண்ணெய் விஷயம்கூட. அதுவே நல்ல சகுனமாகப் படவில்லை நோல்டிக்கு.

தீர்மானத்தைப் படித்தார். ரெகுலா, இதைப் பற்றி யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார். வழக்கமாக இந்த இடத்தில் ஆஷி நாற்காலியைக் கிறீச்சென்று பின்னால் தள்ளிக்கொண்டு எழுவார். இந்த முறை ஆஷி ஜன்னல் வழியாக நீஸன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீஸன் மலை அவர் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது, புதிதாகப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

ஆதரவு கேட்டார்கள். கைகள் எழுந்தன. முன்வரிசை, பின்வரிசை, கதவோரம். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆஷியின் கை, வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்கும் பையனின் கையைப் போல, பாதி உயரத்துக்கு. தபால்காரப் பையன் எண்ணி முடித்து, நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினான். அதை நோல்டி பார்த்துக்கொண்டே இருந்தார். தன் கை மடியிலேயே கிடப்பதை அப்புறம்தான் கவனித்தார். நீ ஜெயிச்சா எங்க போவ என்று ரோஸ்லி கேட்டது நினைவுக்கு வந்தது. கேட்டவளும் இல்லை, போகிற இடமும் இல்லை.

"எதிர்ப்பு?" என்றார் ரெகுலா, விதிப்படி கேட்டாக வேண்டும் என்பதற்காக.

நோல்டி கையைத் தூக்கினார்.

ரெகுலா அவரைப் பார்த்து, குழந்தையிடம் பேசுகிற குரலில், இப்போது எதிர்ப்பைத்தான் கேட்கிறேன் என்றார்.

"தெரியும்மா. எதிர்க்கறேன். முடிவை அறிவிக்கறதுக்கு முன்னாடி பேச எனக்கு உரிமை இருக்கு."

ரெகுலா சங்க விதிகளைப் புரட்டினார். உரிமை இருந்தது. நோல்டி எழுந்து முன்னால் போனார். கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் துடைத்தார், இரண்டு முறை இருமினார். யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் நடுவில் சிரிப்பது அங்கே வழக்கமில்லை. பிறகு அவர், தன் தீர்மானத்துக்கு எதிராக, ஆஷி இத்தனை வருஷமும் பேசிய பேச்சை அப்படியே பேசினார். ஒளி கல் இல்லை என்றார். இரட்டை நட்சத்திரங்களைச் சொன்னார். வெஃப்லர் என்றொரு எஞ்சின் ஓட்டி நடுவில் வாயு இருக்கிறது என்று சாக்குச் சொல்வார், அதற்கும் பதில் இருக்கிறது என்று சொல்லி ஜெனிவாவுக்குப் போனார். ஜெனிவாக்காரர்களின் கடிகாரத்தைப் பற்றி நையாண்டி செய்கிறவர்களுக்கு அறிவு கிடையாது என்றார். ஆஷி வழக்கமாகத் தண்ணீர் குடிக்கும் இடத்தில் அவரும் தண்ணீர் குடித்தார். ஆஷி ஜன்னலை விட்டுத் திரும்பியிருந்தார்.

"நம்மளை நோக்கி வர்ற நட்சத்திரத்தோட ஒளி கொஞ்சம் நீலமாகும்," என்று நோல்டி தொடர்ந்தார். "ஏன்னா வினாடிக்கு வந்து சேர்ற அலையோட எண்ணிக்கை கூடுது. அலையோட நீளம் மாறாது. அதனால வேகமும் மாறாது."

ஆஷியின் காது சிவந்தது.

இந்தத் தப்பை வேண்டுமென்றே செய்தீர்களா என்று பிற்பாடு ரெகுலா கேட்டபோது நோல்டி ரொம்பவும் புண்பட்டார். அவர் இத்தனை காலமும் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தாராம்.

"அலையோட நீளம் மாறாது," என்று அழுத்திச் சொன்னார் நோல்டி.

நாற்காலி கிறீச்சிட்டது.

"குறையும்டா. எண்ணிக்கை கூடற அளவுக்கு நீளம் குறையும், அதனாலதான் வேகம் அப்படியே இருக்கு. நீளம் மாறாம எண்ணிக்கை மட்டும் கூடினா வேகம் கூடிடும். அது உன் கட்சி. என் கட்சியைப் பேசறேன்னு எழுந்து வந்து உன் கட்சியைப் பேசிட்டு நிக்கற. எத்தனை வருஷமா சொல்றேன்? மண்டைக்குள்ள தண்டவாளமாடா ஓடுது?"

கூட்டத்தில் சிலர் ஆஷியின் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்த்தார்கள். ஆஷி கையை உதறினார். நோல்டி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"சரி. நட்சத்திரம் ஓடி வந்தா நீளம் குறையுது. அதோட அலை, அது குறைச்சு விடுது, ஒத்துக்கறேன். இப்ப நட்சத்திரம் சும்மா நிக்குது, நான் ஓடறேன். அலை ஏற்கெனவே பாதி வழி வந்தாச்சு. நான் ஓடறது அதுக்கு எப்படித் தெரியும்? அது எதுக்குக் குறையணும்?"

"அது குறையலடா. உனக்குக் குறையுது."

"எனக்குன்னு தனியா ஒரு அலையா?"

"உனக்குன்னு ஒரு அளவுகோல், உனக்குன்னு ஒரு கடிகாரம். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு முடி கொட்டிப்போச்சு."

மேஜையில் அடி விழுந்தது. சங்க மேஜை உணவகத்து மேஜை அளவுக்கு உறுதியில்லை, தண்ணீர்க் குடுவை சாய்ந்து கூட்டக் குறிப்பு நனைந்தது. ரெகுலா மணியை அடித்தார். இருவருக்கும் காதில் விழவில்லை. கடைசியில் ஆஷியே தலைவி பக்கம் திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டு, தன் கையை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். தூக்கின கையை வாபஸ் வாங்கலாமா என்று விதிகளில் எங்கும் இல்லை. கூடாது என்றும் இல்லை. யோசித்துப் பார்த்து ரெகுலா மறுபடி வாக்கெடுப்பு வைத்தார்.

ஆதரவு கேட்டபோது நோல்டி கையை நேராக, உச்சிவரை தூக்கினார். மற்றவர்கள் ஆஷியின் முகத்தைப் பார்த்தார்கள், நோல்டியின் முகத்தைப் பார்த்தார்கள், கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். தபால்காரப் பையன் எழுந்து நின்று, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் சொன்னான்:

"ஆதரவு ஒன்று."

நோல்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. அடக்க முயற்சி செய்து முடியாமல், கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினார். கூட்டம் முடிந்து எல்லோரும் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு சாப்பாட்டு மேஜைப் பக்கம் போனார்கள். தோற்றதற்காக அழுகிறார் பாவம் என்று பாதிப் பேர் நினைத்தார்கள், இன்னொரு தடவை கையைத் தூக்கியிருக்கலாமோ என்றும் நினைத்தார்கள். ஆஷி ஒரு தட்டில் தொடைக்கறியும் இரண்டு கரண்டி உருளைக்கிழங்கு சாலட்டும் எடுத்துவந்து நோல்டியின் முன்னால் வைத்தார். ரோஸ்லியின் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தார்.

"அழாதடா," என்றார் ஆஷி. "நீ சொல்றது தப்புதான்."

நோல்டி தலையை ஆட்டினார். உருளைக்கிழங்கில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். தண்ணீர் இல்லாமலே இறங்கியது.